அறிக்கை விடச் சொல்கிறது வேதம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். காற்று இல்லை. ஆராதனை முடிந்து வந்ததும் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

சபையில் ஜெப அறைக் கதவுக்குப் புதுப் பலகை. யாரையும் கேட்காமல் நானே படித்தேன். க-வு-ன்-சி-ல-ர். உள்ளே எட்டிப் பார்த்தால், சுவரில் இருந்த வசனத்தைக் காணோம். அது தொங்கிய அதே ஆணியில் மஞ்சள் முகங்கள் அச்சடித்த தாள். சிரிக்கிற முகம், அழுகிற முகம், பல்லைக் கடிக்கிற முகம்.

நான் முதன்முதலில் முழுதாகப் படித்தது அந்த வசனத்தைத்தான்: 'பாவத்தின் சம்பளம் மரணம்'. போன வருஷம் வரை கைநாட்டு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பு தூக்கிய காலமெல்லாம் மை தடவிய விரல்தான் என் கையெழுத்து. சனிக்கிழமை வகுப்பில் பாஸ்டரம்மா சொல்லிக்கொடுத்து இந்த வயதில் வந்தது. இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். இன்று படித்தவை: பால் பாக்கெட். மாவு மில் பலகை. 'இங்கே குப்பை கொட்டாதே'. பெருங்காய டப்பா, மூடி உட்பட.

மத்தியானம் எதிர்வீட்டு ஏகாம்பரம் கையில் மனுவோடு வந்தான்.

"இன்னா தாத்தா, கவுன்சிலர் உங்க சர்ச்சுக்கே வந்துகினு கீறாராமே. சாக்கடை ரொம்பி ஊட்டுக்குள்ள வருது. ஒரு வார்த்த சொல்லேன்."

"அது வார்டு கவுன்சிலர் இல்லடா. மனசுல கீற சாக்கடைய எடுக்கிறவங்களாம்."

"எடுத்து எங்க வுடுவாங்க? அதுவும் நம்ம தெருவுலதான் வந்து நிக்கும்."

மனுவை மடித்துக்கொண்டு போனான். இந்த வட்டாரத்தில் அவனுக்குத்தான் புத்தி இருக்கிறது.

என் மகள் கிரேஸ் நாளை அந்தக் கவுன்சிலர் மேடத்திடம் போகிறாள். மாமியார் செத்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. விளக்கிய பாத்திரத்தையே திரும்ப விளக்குகிறாள். படுத்த படுக்கையாய்க் கிடந்த அந்த அம்மாவுக்கு அள்ளிக் கொட்டியது, குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் இவள்தான். எங்கள் முத்தாபுதுப்பேட்டை ஊரே புகழ்ந்தது. புகழப் புகழ இவள் முகம் சிறுத்துப்போனது. பாஸ்டர் போகச் சொன்னார். மாப்பிள்ளை செல்வமும் சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை.

எழுத நேரம் பிடிக்கிறது. கை வலி. இனி பாஸ்டர் என்றால் பா. கவுன்சிலர் மேடம் என்றால் க.மே.

ஆகஸ்ட் 4, திங்கள்

சாயங்காலம் தூறல். மண் நனையவில்லை. மொச்சை வாங்கினேன், பாதி பூச்சி.

கிரேஸ் க.மே.யைப் பார்த்துவிட்டு வந்து சமையலறையில் தரையில் உட்கார்ந்தாள். அங்கே சொன்னதை என்னிடமும் சொன்னாள்.

மாமியார் சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம், நானும் செல்வமும் வீட்டில் இல்லாத நேரம். கஞ்சியைத் துப்பிவிட்டதாம் அந்த அம்மா. தட்டைத் தள்ளியதில் புடவை, கட்டில், சுவர் எல்லாம் கஞ்சி. இவளுக்கும் அன்றைக்குக் காய்ச்சல். "செத்துத் தொலையேன், எங்களையாவது வுடு" என்று சொல்லிவிட்டாள். காலையில் கஞ்சியோடு போனால் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

செல்வத்துக்குத் தெரியாது. செல்வத்தின் அக்கா லில்லிக்கும் தெரியாது. சாவு வீட்டில் லில்லி இவளைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மாவ தங்கமா பாத்துக்கின" என்று அழுதாள். நானும் பார்த்தேன். அந்த வார்த்தைதான் கண்ணை மூடினால் காதில் கேட்கிறதாம்.

"மேடம் இன்னா சொன்னாங்க?"

"ரொம்ப சோர்ந்துபோய் கீறப்ப வர்ற வார்த்தயாம் நைனா. என் தப்பு இல்லியாம். என்ன நானே மன்னிச்சுக்கணுமாம்."

"அப்புறம்?"

"மூஞ்சிங்க போட்ட தாளக் காட்டி, உங்க மனசு எந்த மூஞ்சின்னு தொடச் சொன்னாங்க. எதத் தொடறதுன்னு தெரியல. ஓரத்துல வெத்து எடமா இருந்துச்சு. அத்தத் தொட்டேன்."

தன்னைத் தானே மன்னிப்பதாம். பட்டறையில் பக்கத்து ஆள் காலில் இரும்பைப் போட்டுவிட்டு, என்னை நானே மன்னித்துவிட்டேன் என்று நான் டீ குடிக்கப் போயிருந்தால் அந்தக் கால் என்ன சொல்லியிருக்கும்? தப்பே இல்லை என்றால் மன்னிப்பு எதற்கு? மன்னிப்பு வேண்டும் என்றால் தப்பு உண்டு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லித்தருகிற படிப்பு என்ன படிப்பு? சுவரில் இருந்த வசனம் இந்தக் குழப்பம் பண்ணாது.

அவள் சொன்னது தப்பு. அவள் என் மகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். ரேஷன் கடை பூட்டு. பலகையில் 'இன்று விடுமுறை'. படித்த சந்தோஷத்தில் பாதிக் கோபம் போய்விட்டது.

மீதிக் கோபத்தோடு பா.வைப் பார்க்கப் போனேன். கம்ப்யூட்டரிலேயே ஏதோ மனசுப் படிப்பு படித்து முடித்திருக்கிறார். அதிலிருந்து பிரசங்கத்தில் பாவம் என்ற சொல் வருவதில்லை. காயம் என்கிறார். எல்லாருக்கும் காயம். யார் குத்தியது என்று மட்டும் சொல்வதில்லை.

"பாஸ்டர், வசனத்த எங்க வெச்சீங்க?"

"பீரோ மேல பத்திரமா இருக்கு ஐயா."

"பீரோ மேல வெக்கத்தான் எனக்குப் படிக்கக் கத்துக்குடுத்தீங்களா?"

சிரித்தார். "ஐயா, பல் வலிச்சா டாக்டர்கிட்ட போறோம்ல. மனசும் அப்படித்தான்."

"பல்லு வலிச்சா போலாம். அடுத்தவன் பல்ல ஒடச்சுட்டு வந்தா டாக்டர்கிட்டயா போவாங்க? ஒடஞ்சவன்கிட்டதான போவணும்."

"யாரு பல்ல யாரு ஒடச்சா?"

கிரேஸ் விஷயம் என் வாயால் வரக் கூடாது.

பா. பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றினார். பிறகு சொன்னார்: "முன்னாடி நானும் வசனம் மட்டும்தான் ஐயா சொன்னேன். மனசு ஒடஞ்சு வந்த ஒருத்தர்கிட்ட, வந்த உடனே ஒரு வசனத்தை எடுத்து அடிச்சேன். அதோட அவர் சபைக்கே வரல. அதனாலதான் போய்ப் படிச்சேன்."

"அடிச்சது நீங்க. வசனம் இன்னா பண்ணும்?"

டீ கொடுத்தார். குடிக்காமல் வந்துவிட்டேன். நல்ல டீ, இஞ்சி வாசனை. வழியெல்லாம் அதே நினைப்பு.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் மின்சாரம் இல்லை. தண்ணீர் லாரி வரவில்லை. குடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கிரேஸ் மறுபடி க.மே.யிடம் போய் வந்தாள். இன்று எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதில் மாமியார் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசச் சொன்னாராம். செத்தவர்களோடு பேசாதே என்று வேதத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாற்காலியோடு பேசாதே என்று சொல்லவில்லை. அவ்வளவு தூரம் போவார்கள் என்று அப்போது யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

"பேசினியா?"

"பேசினேன். நாற்காலி ஒண்ணும் சொல்லல."

அடுத்த வேலை: மாமியாருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். எழுதி முடித்துக் கிழித்துப் போட வேண்டுமாம். எழுதிக் கிழிப்பது. நான் ஒரு 'ழு' போட எத்தனை தரம் பென்சிலைக் கடிக்கிறேன். ற-வா, ர-வா என்று எத்தனை தரம் யோசிக்கிறேன். எழுத்து என்றால் இவர்களுக்கு அவ்வளவு மலிவு.

சாயங்காலம் வழக்கம்போல அவள் பீன்ஸ் நறுக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து வேதம் வாசித்தேன். பெரிய எழுத்துப் புத்தகம், ஆனாலும் என் வேகம் என் வேகம்தான். புதிய ஏற்பாட்டின் கடைசிப் பகுதியில் ஒரு சின்ன நிருபம், அதாவது கடிதம். அதில் குற்றத்தைப் பற்றி ஒரு வரி. விரலை வைத்துக் கூட்டினேன். அ-றி-க்-கை.

எனக்கு ஒரே சந்தோஷம். தெரிந்த சொல். கட்சி போஸ்டரில் வருவது, டிவியில் வருவது.

"பாத்தியா, தப்பு பண்ணா அறிக்க வுடச் சொல்லுது."

கிரேஸ் சிரித்தாள். மாமியார் செத்த பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "ஐயோ நைனா, தலைவருங்க வுடற அறிக்க இல்ல. அறிக்கை பண்றதுன்னா ஒத்துக்கறது."

சொல்லிவிட்டு நறுக்குவதை நிறுத்தினாள்.

"யாராண்ட ஒத்துக்கணும்னு போட்டுகீது?"

மறுபடி விரலை வைத்தேன். மெதுவாகப் போனேன். அவள் அவசரப்படுத்தவில்லை. ஒருவருக்கொருவர் என்று வந்தது.

"சாமிகிட்டன்னு இல்லியா?"

"வேற எடத்துல கீது. இங்க இப்படித்தான் கீது."

"மேடம்கிட்ட சொல்லிட்டேனே. அது ஆவாதா?"

"மேடத்துக்கு நீ இன்னா தப்பு பண்ண?"

பீன்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழம்பில் உப்பு இல்லை. யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வகுப்பு. சொல்வதை எழுதுதல். 'பொறுப்பு' சரி. 'பொருப்பு' என்று எழுதிய பக்கத்து ஆளுக்கு வட்டம். மகிழ்ச்சி.

பாஸ்டரம்மாவிடம் அறிக்கை பற்றிக் கேட்டேன். கிரேஸ் சொன்னதுதான் சரியாம், கட்சி அறிக்கை வேறு, இது வேறு. தலையாட்டினேன். ஆனாலும் என் தப்பு அவ்வளவு தப்பாகத் தெரியவில்லை. கட்சிக்காரன் அறிக்கை விட்டால் அது அவன் வீட்டுக்குள் நிற்காது. கேட்க வேண்டியவன் காதுக்குப் போய்விடும். அதற்கு எதிர்க்கட்சி என்ன சொல்லும் என்பது விட்டவன் கையில் இல்லை. க.மே. பண்ணுவது இதற்கு நேர் எதிர். இந்த அறையை விட்டு ஒன்றும் வெளியே போகாது என்பதுதான் அந்த அம்மாவின் முதல் பேச்சு. வெளியே போகாமல் உள்ளேயே கிடந்தால் நாறாதா?

வீட்டுக்கு வந்தால் கிரேஸ் போனில். செல்வத்திடமும் லில்லியிடமும் சொல்லிவிடலாமா என்று க.மே.யைக் கேட்கிறாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அவசரப்படாதீங்க கிரேஸ். சொல்லிட்டா உங்களுக்கு லேசாயிடும். கேக்கறவங்களுக்கு? அவங்க அம்மா நிம்மதியா போனாங்கன்னு நினைச்சுட்டிருக்காங்க. உங்க நிம்மதிக்காக அவங்க நிம்மதியை எடுக்கலாமுங்களா? குடும்பம் உடைஞ்சா யார் வருவாங்க?"

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. பூந்தமல்லி ரோட்டில் அடுக்குமாடி வீடு. முன்னே ஐடி கம்பெனியில் வேலை. குரல் என்னவோ மரியாதையாகத்தான் இருக்கிறது. கேட்டதும் நல்ல கேள்வி. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

போனை வைத்த பிறகு கிரேஸ் என்னைப் பார்த்தாள்.

நான் கேட்டேன்: "லில்லி கட்டிக்கினு அழுதாளே, தங்கமா பாத்துக்கினன்னு. அது உன்னுதா?"

"இல்ல."

"அப்ப திருப்பிக் குடு."

பா. மேல் கோபப்பட்ட நான் என்ன செய்திருக்கிறேன்? நானும் எடுத்து அடித்தேனா? தெரியவில்லை. அவள் ஓடிப்போகவில்லை. பக்கத்திலேயே இருந்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை. கறிக்குழம்பு. யாரும் சாப்பிடவில்லை.

சபையிலிருந்து வந்ததும் கிரேஸ் செல்வத்திடம் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னாள். காய்ச்சல் என்று சொல்லவில்லை. அதை நான்தான் சொல்ல வாய் எடுத்தேன். கையைக் காட்டித் தடுத்தாள்.

செல்வம் எழுந்தார். வண்டிச் சாவியை எடுத்தார், அப்படியே வைத்தார். நடந்தே போனார். பொழுது சாயும்போது வந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"எங்கக்காகிட்ட நீயே போய் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்." அதற்கு மேல் பேச்சு இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பயம். உடைந்தால் யார் வருவார்கள் என்று க.மே. கேட்டது. நான் வருவேன் என்று சொல்லலாம். நான் எத்தனை நாளைக்கு?

ஆகஸ்ட் 11, திங்கள்

மேகம். மழை இல்லை.

லில்லி வீட்டுக்குப் போனோம். பூந்தமல்லியில் பஸ் மாற வேண்டும். கூட்டத்தில் எல்லாரும் எந்த பஸ், எந்த பஸ் என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் பலகையைப் படித்தேன். குத்தம்பாக்கம். குத்தம் என்று பலகையிலேயே போட்டிருக்கிறான். கிரேஸுக்குக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. தப்பான நேரம்.

லில்லி வீடு புது பஸ் நிலையத்துக்குப் பின்னால், மனை போட்டிருக்கிற பக்கம். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வா என்று சிரித்தாள். கிரேஸ் உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று சொன்னாள்.

"இன்னாடி சொன்ன? திரும்ப சொல்லு."

திரும்பச் சொன்னாள்.

லில்லி கையில் இருந்த பாவாடையை உதறினாள், கொடியில் போட்டாள், கிளிப் மாட்டினாள். பிறகு திரும்பினாள்.

"ஊர் பூரா உன்ன தெய்வம்னு சொல்லிக்கினு திரிஞ்சேனேடி. என் மாமியாராண்ட போய், எங்கம்மா ஊட்டு மருமவளப் பாருன்னு எகிறினேனே. மூஞ்ச எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"தப்புதான் அண்ணி."

"தப்புதான். தெர்து. உன் பாரத்த எறக்கிவெக்க என் ஊட்டு வாசதான் கெட்ச்சுதா? நான் நல்லா தூங்கிகினு இருந்தேன்."

க.மே. சொன்னது எழுத்துக்கு எழுத்து.

பிறகு என் பக்கம். "நீ இன்னா மாமா, தொணைக்கு வந்தியா? இந்த வயசுல எழுதப் படிக்கக் கத்துக்கினு குடும்பத்தப் பிரிக்கக் கெளம்பிட்டியா?"

கதவைச் சாத்தினாள். உள்ளே குக்கர் விசில். கொடியில் ஈரத்துணி. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

ஆவடி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிரேஸ். ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்தாள். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். என் சட்டையில் எச்சில். ஆவடியில் எல்லாரும் இறங்கியாயிற்று. நான் எழுப்பவில்லை.

கண்டக்டர் வந்தான். "பெரியவரே, வண்டி டிப்போவுக்குப் போவுது. மீதிய ஊட்ல தூங்கச் சொல்லு."

அவனும் மெதுவாகத்தான் சொன்னான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கிரேஸ் வெயில் ஏறும்வரை தூங்கினாள். செல்வம் தானே டீ போட்டுக் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். இன்னும் பேச்சு இல்லை. ஆனால் அவளுக்கும் ஒரு டம்ளர் மூடி வைத்திருந்தார். ஆறிப்போய்விட்டது. எழுந்ததும் சூடு பண்ணாமலே குடித்தாள்.

க.மே. வீட்டுக்கு வந்தார். நான் உட்காரச் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்தார்.

"தூங்கினாங்களா ஐயா?"

"தூங்கினா."

சந்தோஷப்பட்டார். பொய்ச் சந்தோஷம் இல்லை. தன் சொல் தோற்றதில் ஒருவர் சந்தோஷப்பட்டால் அவரோடு எப்படிச் சண்டை போடுவது? எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இன்னைக்குத் தூங்கினாங்க. சரிங்க. லில்லி கடைசி வரைக்கும் மன்னிக்கவே இல்லைன்னா? செல்வம் பேசவே இல்லைன்னா? அப்ப இவங்களுக்கு என்ன சொல்வீங்க?"

"வேதத்துல பாத்துச் சொல்றேன்."

"பாருங்க ஐயா. எனக்கும் சொல்லுங்க."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. போகும்போது இந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "எழுத்து அழகா இருக்குங்களே, வெரி குட்" என்றார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. நான் வணக்கம் சொல்லவில்லை.

பகல் பூராவும் தேடினேன். என் வேகத்தில் தேடினால் கிறிஸ்துமஸ் வந்துவிடும். கிடைத்தவரை: மன்னிக்கச் சொல்லியிருக்கிறது. மன்னிக்காதவனுக்கு என்ன என்றும் சொல்லியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டுக் கிடைக்காமல் வாசலில் நிற்கிறவளுக்கு என்ன என்று இன்னும் அகப்படவில்லை. இருக்கும். நான்தான் இன்னும் அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை.

க.மே. ஆள் நல்ல ஆள். படிப்பு பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மழை. கொடித் துணியை எடுக்க ஓடினேன். நல்ல மழை.

அந்த மழையில் லில்லி வந்தாள். குடை இல்லை. கிரேஸ் துண்டு கொடுத்தாள், வாங்கவில்லை. நேராக உள்ளே போய், அவள் அம்மா கிடந்த கட்டிலில் உட்கார்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. செல்வம் ஷிப்டு முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. மன்னிக்கல."

"சரி அண்ணி."

"எங்கம்மா செத்ததுலேந்து ஆளாளுக்கு ஒரே பாட்டு. நிம்மதியா போச்சு, தூக்கத்துல போச்சு, மவராசி. யாரோ ஒரு பொம்பளயப் பத்திச் சொல்ற மாரியே இருந்துச்சு எனக்கு. நீ ஒருத்திதான் அந்த ஊட்ல நடந்தத நடந்த மாரி சொல்லிகீற. மொத்தத்தயும் சொல்லு. தங்கமா பாத்துக்கின கதயெல்லாம் வாணாம். அன்னிக்கு எங்கம்மா இன்னா துன்னுச்சு, இன்னா பேசிச்சு?"

கிரேஸ் தரையில் உட்கார்ந்தாள்.

"கஞ்சிய துப்பிச்சு."

"திட்டுச்சா உன்ன?"

"திட்டுச்சு."

"இன்னான்னு?"

கிரேஸ் என்னைப் பார்த்தாள், செல்வத்தைப் பார்த்தாள். "கஞ்சி காச்சத் தெரியாத முண்டம், உங்கப்பன் உன்ன மாடு மேய்க்க வளத்தானான்னுச்சு."

லில்லி தொண்டையிலிருந்து ஒரு சத்தம். சிரிப்பா, அழுகையா, சொல்ல முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அது எங்கம்மாதான்" என்றாள்.

செல்வம் தட்டைத் தள்ளிவிட்டு, கழுவாத கையோடு வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்தார்.

லில்லி என்னைப் பார்த்தாள். "மாமா, நீ கொஞ்சம் வெளிய குந்து."

வெளியே இருக்கிறேன். சாரல் அடிக்கிறது. இந்தப் பக்கத்தில் ஓர் ஓரம் நனைந்துவிட்டது. உள்ளே கிரேஸ் குரல் மெதுவாகப் போகிறது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் லில்லி, "அப்புறம்?" என்கிறாள்.